கூடவே நடந்தவர்

"டேப் டாக்டர் வர்றாங்க!" என்று பேக்கரி மாஸ்டர் குரல் கொடுத்ததும், ஆண்கள் வார்டில் பாதிப் பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு இழுக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

அந்த டாக்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சேர்த்து, தையல்காரர் மாதிரி அளவு டேப் ஒன்றையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் வார்டுக்காரர்கள் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? கால் முறிந்தவர், கல் அடைத்தவர், குடல் இறங்கியவர் என்று எதற்காக வந்து படுத்திருந்தாலும் சரி, ஒருத்தரையும் விடாமல் இடுப்பை அளப்பார். பிரஷர் பார்ப்பார். புகை உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். வேறு நோய்க்காக வந்து படுத்தவர்களில் எத்தனை பேருக்கு இதய நோய் வருவதற்கான காரணங்கள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சியாம்.

பேக்கரி மாஸ்டருக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. கால் முறிந்து கட்டோடு கிடந்த மனுஷனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? "சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, கொழுப்பு இருக்கு, சிகரெட் இருக்கு, தொப்பை இருக்கவே இருக்கு. டாக்டரம்மா கேட்டதுல ஒண்ணைக்கூட நான் இல்லன்னு சொல்லல. இந்த வார்டுலயே நான்தான் ஃபர்ஸ்ட் ராங்க்" என்று எதிர்க் கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆகாசம் மட்டும் சிரிக்கவில்லை. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற ஆளை எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் அந்த நம்பிக்கை வரும்.

ஆகாசம் என்பது வேலைத்தளத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பும் இடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி வழியே மேலே ஏறி அந்தச் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரைக்கு வருவார். "ஆகாசம் எங்கப்பா?" "ஆகாசம் மேலதான் இருக்கும், வேற எங்க இருக்கும்?" என்று கிண்டலாக ஆரம்பித்து, கடைசியில் மனைவியைத் தவிர எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

கண்ணைத் திறந்தார். தலைமாட்டில் டேப் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளையாக மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"சிகரெட், பீடி?"

"கிடையாது."

"முன்னாடி எப்பவாவது?"

"எப்பவுமே கிடையாது."

"மாடி ஏறினா, வேகமா நடந்தா, நெஞ்சுல அழுத்தம், இறுக்கம் எதாவது?"

"இல்ல."

"அப்பா அம்மா, அண்ணன் தம்பி, யாருக்காவது மாரடைப்பு?"

இங்கே மட்டும் கொஞ்சம் தடுமாறினார். "அப்பா வயசாகிப் போனார். ஒரு அண்ணன் இருந்தான். ஆக்சிடெண்ட்ல போயிட்டான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிரஷர் பார்த்தவர், "கொஞ்சம் கூடுதலா இருக்கு. படபடப்பா இருக்கீங்களோ என்னவோ. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து இன்னொரு தடவை பாக்கிறேன். எல்லாருக்கும் ரெண்டு தடவை பார்க்கிறதுதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டு மாஸ்டரின் கட்டிலுக்குப் போனார். மாஸ்டர் தயாராகச் சட்டைப் பொத்தானைக் கழற்றி வைத்திருந்தார்.

ஆகாசம் சொன்னதில் ஒன்றாவது உண்மையா என்று கேட்டால், அப்பா வயசாகிப் போனது உண்மை.

நெஞ்சில் அந்த அழுத்தம் வர ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் தடவை ஏணியில் பாதி தூரத்தில் வந்தது. நெஞ்சுக்கு நடுவே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது, தாடை வரைக்கும் இழுத்தது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கீழே ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். கை நழுவினால் முடிந்தது கதை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நெஞ்சை விட்டு எழுந்து போய்விட்டது. நின்றால் போய்விடுகிறது, ஏறினால் வருகிறது. அவ்வளவுதான் விஷயம் என்று பிடிபட்டதும் அவர் தன் பிழைப்பையே அதற்கேற்ற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விடுவார். ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதை யாரும் பார்க்கக்கூடாதே. "ஆகாசத்தைப் பாருங்கடா, எப்பவும் முதல் ஆளா நிக்கிறார்" என்று மேஸ்திரி இளவட்டங்களை வைதார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினால் மறுபடி ஏறவேண்டுமே என்று, டப்பாவைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார். அதற்கும் பாராட்டு. நோயை மறைக்க நினைத்தவருக்குக் கடமை தவறாத மனுஷன் என்று பெயர் வந்தது. இந்தக் கூத்தை நினைத்துச் சில சமயம் கூண்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொள்வார். சிரித்து முடித்ததும் பயம் வரும்.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. அண்ணனுக்கும் இப்படித்தான் வந்தது. அண்ணி தொந்தரவு தாங்காமல் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டான். இதயத்தில் அடைப்பு என்று சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணன் வேறு ஆளாகிவிட்டான். பேச்சில்லை, சிரிப்பில்லை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளில் பஸ் நிறுத்தத்திலேயே சரிந்துவிட்டான். அண்ணனைக் கொன்றது அடைப்பு இல்லை, அந்த வார்த்தைதான் என்று ஆகாசத்துக்குள் ஆழமாகப் பதிந்துபோயிருந்தது. வார்த்தையைச் சொல்லாத வரைக்கும் அண்ணன் நன்றாகத்தானே நடமாடிக்கொண்டிருந்தான்? அண்ணன் போன அதே வயசுதான் இப்போது இவருக்கும். பைத்தியக்காரத்தனம் என்று நாம் சொல்லிவிடலாம். பயந்துபோனவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்தக் குடலிறக்கம் வராமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார். அடிவயிற்றில் புடைத்துக்கொண்டு, ஏணி ஏறும்போது உயிரே போயிற்று. மேஸ்திரியே பார்த்துவிட்டு, "சரி பண்ணிக்கிட்டு வந்தாத்தான் மேல ஏத்துவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இங்கே வந்த பிறகும் தப்பிக்க வழி இருந்தது. மயக்க மருந்து டாக்டர் ரொம்ப வேலை உள்ளவர். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்க வந்தவர், படுக்க வைத்து எடுத்த ஈசிஜியைப் பார்த்தார், அது ஒழுங்காக இருந்தது. "ரெண்டு மாடி மூச்சு வாங்காம ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"நான் டவர் கிரேன் ஓட்டுறேன் சார். தினம் ஏணியிலதான் ஏறிப் போறேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "அப்ப நான்தான் உங்ககிட்ட உடம்பைக் காட்டணும்!" முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஆகாசம் பொய்யே சொல்லவில்லை. தினம் ஏறுகிறார் என்பது சத்தியமான உண்மை. எப்படி ஏறுகிறார் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை.

அப்போது வந்த நிம்மதி அன்று மத்தியானத்துக்குள் கரைந்துபோனது. மயக்கத்தில் கிடக்கும்போது அந்தக் கை வந்து நெஞ்சை அழுத்தினால் என்ன செய்வது? நிற்க முடியாது, உட்கார முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் அண்ணன் மாதிரி. சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் அந்த ஆபரேஷன் மேஜையிலேயே. கட்டிலில் படுத்தபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

மனைவி மருந்துப் பையோடு வந்தாள். வரும்போதே சத்தம் வந்தது. சத்தமில்லாமல் வர அவளுக்குத் தெரியாது. "மருந்துக் கடையில ஒரு கூட்டம் பாருங்க, சும்மா குடுக்கிறான்னு நெனச்சுட்டாங்க போல. ஒருத்தன் என் காலை மிதிச்சுட்டு என்னையே முறைக்கிறான். விட்டேனா? நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வந்தேன்." மாஸ்டர் தன் ரேடியோவைச் சின்னதாக்கினார். அவள் பேச்சு ரேடியோவை விடச் சுவாரசியம் என்று வந்த அன்றே கண்டுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டேப் டாக்டர் இரண்டாவது தடவை பிரஷர் பார்க்க வந்து சேர்ந்தார்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான், "வீட்டுல ஐயா எப்படிம்மா? நல்லா நடமாடுறாரா?" என்று கேட்டார்.

ஆகாசம் முந்திக்கொண்டார். "அவளுக்கு என்ன தெரியும் டாக்டர்" என்றார்.

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி முகம் மலர்ந்தது. "கேளுங்க டாக்டரம்மா. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவர் முன்னாடி போவார், நான் பின்னாடியே ஓடணும். கடைத்தெருவுக்குப் போனா நான் இவர் முகத்தைப் பாத்ததே இல்ல, முதுகைத்தான் பாத்திருக்கேன். இந்த ஒரு வருஷமா ஆளே மாறிட்டார். கூடவே நடக்கிறார். மெதுவா, எனக்குத் தகுந்த மாதிரி. நடுவுல கடைக் கண்ணாடிகிட்ட நின்னு, 'இந்த நிறம் உனக்கு எடுக்குமா பாரு'ன்னு கேக்கிறார். இத்தனை வருஷத்துல என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"சும்மா இரு" என்றார் ஆகாசம்.

"வெக்கத்தைப் பாருங்க. சிகரெட்டையும் விட்டுட்டார். நான் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சு விட்டுட்ட விஷயம், அவராவே ஒரு நாள் விட்டார். கோபம்? முன்னாடி இவர் கத்தினா தெருவே எட்டிப் பாக்கும். இப்ப நான் என்ன திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கார். சாப்பிட்டதும் எந்திரிச்சு ஓடின மனுஷன், இப்ப சாப்பிட்டு முடிச்சு என்கூட உக்காந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருக்கார். எங்க பொண்ணுகூடக் கேலி பண்றா, 'அம்மா, அப்பா இப்பத்தான் உன்னை லவ் பண்ண ஆரம்பிச்சிருக்கார்'னு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வார்டே அவளோடு சேர்ந்து சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பேனா எப்போதோ நின்றுபோயிருந்தது.

"சிகரெட் குடிச்சாரா?" என்று மெல்லக் கேட்டார்.

"பொகைபோக்கி மாதிரி."

"இவங்க அண்ணன் எப்படிப் போனார்மா?"

"அதை ஏன் கேக்கிறீங்க. நெஞ்சு வலிதான். பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தவர்—"

பாதியிலேயே அவள் பேச்சு நின்றது. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அது வெளிறிக் கிடந்தது. தான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும். மடியிலிருந்த மருந்துப் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, என்னைப் பாருங்க" என்றார் டாக்டர். "நடந்தா நெஞ்சு அழுத்துது, நின்னா விட்டுடுது. அப்படித்தானே?"

"இல்ல."

"நாளைக்கு உங்களுக்கு மயக்கம் குடுப்பாங்க. அப்ப நெஞ்சுல எதாவது ஆனா உங்களால சொல்ல முடியாது. இப்ப சொன்னாத்தான் உண்டு."

"இல்லன்னு சொல்றேன்ல. அவ சந்தோஷத்துல எதையோ உளர்றா."

டாக்டர் செல்போனை எடுத்து மயக்க மருந்து டாக்டரிடம் பேசினார். எதிர்முனைக் குரல் கட்டில் வரைக்கும் கேட்டது. "யாரு, அந்தக் கிரேன்காரரா? தினம் அவ்வளவு உயரம் ஏறுறார்மா. ஈசிஜி நார்மல். ஆள் ஒத்துக்கிட்டா சொல்லு, நிறுத்திடலாம். உன் சந்தேகத்துக்காக நாளைக்கு லிஸ்டை மாத்த முடியாது." டாக்டர் போனை வைத்துவிட்டு, "நான் கீழ வெளிநோயாளிப் பிரிவுலதான் இருப்பேன்" என்றார். அவர் யாரிடம் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் பார்வை மனைவி பக்கம் இருந்தது.

ஆகாசத்துக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. அதே மூச்சில், இனி நம்மைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை என்றும் இருந்தது.

மனைவி மருந்துகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு எழுந்தாள்.

"வாங்க, வராந்தாவுல ஒரு நடை நடந்துட்டு வரலாம்."

"இப்ப எதுக்கு?"

"படுத்தே கிடந்தா இடுப்பு பிடிச்சுக்கும். வாங்க."

மறுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வராந்தா நீளமானது. ஒரு பக்கம் வார்டுக் கதவுகள், மறுபக்கம் ஜன்னல்கள். தள்ளுவண்டிகள் உரசி உரசி சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. மனைவி முன்னால் நடந்தாள். அவள் இப்படி நடந்து அவர் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்காமல், கையை வீசிக்கொண்டு, விடுவிடுவென்று போனாள். அவளுடைய முதுகு தூரம் போய்க்கொண்டே இருந்தது.

எட்டிப் பிடித்துவிட்டால் போதும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இந்த வராந்தாவின் கடைசி வரைக்கும் அவளோடு போய்விட்டால் அவள் நம்பிவிடுவாள். ஆகாசம் எட்டி வைத்தார். அடிவயிறு சுருக்கென்றது. அதைப் பொருட்படுத்தவில்லை. வார்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. ஒரு தள்ளுவண்டிக்கு ஒதுங்கி, மறுபடி எட்டி வைத்தபோது அந்தக் கை வந்துவிட்டது. இந்தத் தடவை மெதுவாக வரவில்லை. நெஞ்சின் நடுவில் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தியது. தாடை இழுத்தது, இடது கை கனத்தது, கழுத்தில் குளிர்ந்த வேர்வை வழிந்தது.

நின்றார். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே? சுவரில் ஏதோ ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, கவனமாகப் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எழுத்துகள் அலைந்தன. மூச்சை மெதுவாக விட்டார். போய்விடும். இதோ, இப்போது போய்விடும்.

அவளுடைய செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன படிக்கிறீங்க?"

"சும்மா. நல்ல விஷயம் போட்டிருக்கான்."

அவள் அறிவிப்பைப் பார்த்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது தாய் எப்படி உட்கார வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது.

"இதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவளுடைய உதடு கோணிக்கொண்டு போனது. "எவ்வளவு நாளா?"

"என்னது?"

"இப்படி நின்னு நின்னு போறது."

இப்போது சொன்னால் அந்த வார்த்தை வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் அது தன் வேலையைக் காட்டிவிடும். அண்ணன் முகம் கண் முன்னால் வந்தது. ஆனால் இந்தத் தடவை நின்றும் வலி போகவில்லை. ஒரு வருஷமாக அவருக்கும் அதற்கும் இருந்த ஒப்பந்தத்தை அது முறித்துவிட்டது. நின்றுகொண்டிருக்கிறார், அது அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அண்ணன் பயம், கூண்டுப் பயம், நாளைக்காலைப் பயம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, இந்தச் சுவரோரமாகவே செத்துப்போவோம் என்கிற பயம் மேலே வந்தது.

"வலிக்குது" என்றார். "போன வருஷத்துல இருந்து. போகமாட்டேங்குது, இப்ப போகமாட்டேங்குது, டாக்டரைக் கூப்பிடு."

அவள் ஓடினாள். படிகளில் அவள் குரல் இறங்கிக்கொண்டே போவது கேட்டது. "டாக்டர்! டாக்டரம்மா! யாராவது வாங்களேன்!" ஆகாசம் சுவரிலேயே சாய்ந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலி வந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், இந்தத் தடவை காகிதத்தைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மாத்திரை கரையக் கரைய அந்தக் கை மெல்ல மெல்ல எடுபட்டது. மயக்க மருந்து டாக்டரே இறங்கி வந்து, காகிதத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன்யா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். குரலில் கோபத்தை விட நடுக்கம்தான் இருந்தது. குடலிறக்க ஆபரேஷன் ரத்து. இதயப் பிரிவில் இடம் காலியானதும் அங்கே மாற்றுகிறோம், ரத்தக் குழாயில் எங்கே அடைப்பு என்று பார்த்துச் சரிசெய்ய வழி இருக்கிறது என்றார் டேப் டாக்டர். அடைப்பு என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஆகாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"கிரேன் ஏறலாமா டாக்டர்?"

"முதல்ல உயிரோட இருங்க. அதிகம் பேசாதீங்க, எந்திரிக்காதீங்க."

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பழைய கட்டிலிலேயே படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். மாஸ்டர் பக்கத்துக் கட்டிலிலிருந்து இவரை ஒரு பார்வை பார்த்தார். ஃபர்ஸ்ட் ராங்க் பேச்சையெல்லாம் அவர் விட்டுவிட்டிருந்தார். தன் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்தார்.

மனைவி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓடின ஓட்டத்தில் தலைமுடி கலைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. அவளைத் தெரிந்த யாருக்கும் அந்தச் சிவப்பு தெரியும். ஆகாசம் தயாரானார். உண்மையைச் சொல்லப்போனால் அதற்காகக் காத்திருந்தார். அவள் வார்டே அதிரத் திட்டட்டும். திட்டி முடித்தால் இந்த நாள் ஒரு சாதாரண நாளாகிவிடும்.

"ஒரு வருஷம்!" என்று ஆரம்பித்தாள். குரல் உயர்ந்தது. மாஸ்டர் ரேடியோவை அணைத்தார். "ஒரு வருஷமா பக்கத்துலயே உக்காந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? வயசான காலத்துலயாவது இந்த மனுஷனுக்கு என் ஞாபகம் வந்துச்சேன்னு, ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. என்கூட நடந்தது, கடைக்கு முன்னாடி நின்னது, என்கிட்ட உக்காந்து பேசினது, அப்ப அதெல்லாம்—"

ஒயர் ஒட்டியிருந்த இடத்தில் அரித்தது. ஆகாசம் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்.

அவள் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. கண் அவருடைய கையிலேயே இருந்தது. சிவப்பெல்லாம் வடிந்து முகம் சாம்பல் பூத்துப்போனது. சொல்ல வந்ததை அவள் விழுங்குவதை அவரால் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

"அரிக்குது, அவ்வளவுதான்" என்றார் அவசரமாக. "வலி இல்ல. நீ சொல்லு."

"ஒண்ணுமில்லங்க."

"கேக்க வந்தியே, கேளு."

"ஒண்ணுமில்ல. நீங்க படுங்க."

அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. முதலில் வலிக்காகத்தான் நின்றார், அது நிஜம். ஆனால் நாளாக ஆக, வலி வராத இடத்தில்கூட அவர் நின்றிருக்கிறார். அந்தக் கடைக் கண்ணாடியில் தன் பக்கத்தில் அவள் முகம் தெரியும். இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பின்னால் விட்டுவிட்டு எங்கே அப்படி ஓடினோம் என்று நினைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து, வலி அடங்கின பிறகும் எழுந்து போகாமல் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதையெல்லாம் சொல்ல அவள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தாக வேண்டும்.

"திட்டு" என்றார். "உனக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவு திட்டு. நீ திட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வேணாங்க."

"இங்க பாரு, நான் சொல்றதையாவது கேளு. அந்தக் கடைக்கு முன்னாடி நான்—"

"பேசாதீங்க" என்று கெஞ்சினாள். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேசாதீங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. ஏணியில் வந்த பயமும் வராந்தாவில் வந்த பயமும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகாசத்துக்குத் தோன்றியது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததைத் தூக்கி அவள் மேல் வைத்தாயிற்று. இனி அவள் கத்த மாட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டாள்.

அவள் ஸ்டூலைச் சத்தம் வராமல் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.